தேய்ப்பு

அபாயா கறுப்பு. அதில் வேறெது தெரியாவிட்டாலும்
பஞ்சு தெரியும்.
இஸ்திரிப் பெட்டிக்கு டெஃப்லான் அடித்தட்டு மாட்டி
நாளைக்கு நூற்று நாற்பது உருப்படி, ஷார்ஜா ரோலாவில்.
பாலித்தீன் உறையை மாட்டியதும்
துணி போய் அதோடு ஒட்டிக்கொள்ளும்.
என் முழங்கை மயிர் எழுந்து நின்று
யாருக்கோ மரியாதை செய்யும்.

பேய் என்பான் பக்கத்து மேசை ஜிதேன்.
கரண்டு என்பேன் நான்.

அபாயா வாங்க வந்த அஃப்ரா
உறை ஒட்டுவதைப் பார்த்தபடி நின்றுவிட்டாள்.
பல்கலைக்கழகத்தில் இதைத்தான் படிக்கிறாளாம்.
இரண்டு பொருள் தொட்டால்
ஒன்று கொடுக்கும், ஒன்று வாங்கும்;
அவை தொட்டு விலகும்போது
கம்பியில் மின்சாரம் ஓடும்.
பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் சொல்லி
போனில் ஒரு பட்டியல் காட்டினாள்.
உச்சியில் மனிதத் தோல்,
பெரும்பாலும் எதைத் தொட்டாலும் இழப்பது.
அடியில் டெஃப்லான்,
எல்லோரிடமும் வாங்கும், திருப்பித் தராது.
"எங்க விசா ஏஜெண்ட்" என்றேன்.
புரிந்து சிரித்தாள். பிறகு
சிரித்ததற்கு வருந்தியவள் போல
ரசீதை நான்காக மடித்தாள்.

மறுவாரம் ஒரு ஜோடி ஷூவோடு வந்தாள்.
உள்ளே நைலான் தாள், அதன்கீழ் டெஃப்லான் தாள்,
நடுவே மயிரிழை இடைவெளி.
குதிகாலில் கடுகளவு பச்சை விளக்கு.
அடி வைத்தால் தாள்கள் தொடும், எடுத்தால் விலகும்.
ஒரு மாதம் போட்டுக்கொண்டு வேலை பார், அது போதும் என்றாள்.
சம்மதித்தேன். என் ஷூவில் ஓட்டை இருந்தது.

கடைக்குள் ஒரு தடவைகூட எரியவில்லை.
ஆகஸ்ட். வெளியே காற்றே ஈரத்துண்டு,
உள்ளே இரண்டு பாய்லரின் நீராவி.
ஈரம் மின்னூட்டத்தைக் குடித்துவிடும் என்று
அவளே எழுதிக்கொண்டாள்.
காலடி எண்ணும் சில்லு மட்டும்
பேட்டரியில் உயிரோடு இருந்தது.

மேனேஜர் குரியாக்கோஸுக்கு அது போதுமானதாக இருந்தது.
எப்படியோ அந்தக் கணக்கை
தன் போனிலும் வரவழைத்துக்கொண்டார்.
"பாண்டி, பதினொன்று இருபதிலிருந்து பன்னிரண்டு வரை
நீ நகரவே இல்லை."

உண்மைதான்.
அந்த நாற்பது நிமிடமும்
ஒரு விருந்து அபாயாவின் மணி வேலையைச் சுற்றி
ஒரு மணிகூட உருகாமல்
பெட்டியின் மூக்கால் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
தோள் நகர்ந்தது. மணிக்கட்டு நகர்ந்தது.
கண்கூட நகர்ந்தது.
கால் இரண்டும் கல்.

அரைநாள் சம்பளம் போனது.

அஃப்ரா வந்தாள், கேட்டாள், ஒன்றும் பேசவில்லை.
ஊக்கால் சில்லை நெம்பி எடுத்து
கல்லாமேசை மேல் வைத்தாள், அவர் டீக்கோப்பைக்குப் பக்கத்தில்.
அரைநாள் திரும்பி வரவில்லை.
ஆய்வு முடிந்தது, ஷூ உனக்கு என்றாள்.

இது ஜனவரி.
கார்க் கைப்பிடி சுள்ளென்று கடிக்கிற வறட்டுக் காற்று.
ராத்திரி பதினொன்றுக்கு ஷட்டரை இழுத்துவிட்டு
நாலு எட்டு வைத்திருப்பேன்,

மினுக்.

நின்றேன். அணைந்தது.
நடந்தேன். மினுக். மினுக்.
வோல்ட் நூறைத் தாண்டுமாம்,
ஆனால் ஓடுகிற மின்சாரம் கொசுவுக்குக் காணாது.
இதில் போன் ஏறாது, ஏசி ஓடாது,
அறையில் ஏழு பேருக்கு ஒரு டியூப்லைட் எரியாது.
இருந்தும் வழக்கமான சந்தை விட்டு
சுற்றுவழியில் போனேன்.

சிக்னலில் சிவப்பு மனிதன். நிற்க வேண்டும்.
நின்றால் அணையும்.
இடக்கால் தூக்கினேன். வலக்கால் தூக்கினேன்.
பக்கத்தில் நின்ற டெலிவரிப் பையன்
முதலில் என் முகத்தைப் பார்த்தான்,
பிறகு குனிந்து குதிகாலைப் பார்த்தான்.
"ஏ க்யா ஹை?"
தேய்ப்பு, என்றேன் தமிழில்.
வேறு சொல் வரவில்லை.

பச்சை விழுந்தது. எல்லோரும் கடந்தார்கள்.
அவன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் பிடித்தபடி
இன்னொரு தடவை என்றான்.